புகார் எழுதியவருக்கும் அங்கே ஓர் இருக்கை இருந்தது: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சிங்கப்பூரில் நீங்கள் பராமரிக்கும் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த கல் மேசையையும் அதைச் சுற்றியிருந்த நான்கு கல் இருக்கைகளையும் சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் குத்தகையாளரின் ஆட்கள் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பெயர்த்த இடங்களில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். பெரிதாக ஒரு வட்டமும் சிறிதாக நான்கு வட்டங்களும் மற்றத் தரையைவிட வெளிறிய நிறத்தில் இன்னும் தெரிகின்றன. மேசையின் மேற்பரப்பில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் பதித்திருந்தது. அதன் ஒரு மூலையில் இரண்டு ஓடுகள் உடைந்திருந்தன. அவற்றை மாற்றித் தருமாறு மூன்றாண்டுகளுக்கு முன்பு நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். ஓடு ஒட்ட ஆள் வரவில்லை. மேசையை எடுக்க நால்வர் வந்தார்கள்.

இதற்கு நீங்கள் தந்திருக்கும் காரணம், இரவு நேரத்தில் சத்தம் எழுவதாகவும் மதுப்புட்டிகள் கிடப்பதாகவும் குடியிருப்பாளர்களிடமிருந்து கருத்து வந்தது என்பதாகும். எத்தனை வீடுகளிலிருந்து வந்தது, எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு எழுந்த சத்தம் என்று கேட்டு எழுதினேன். 'பலர்' என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டேன். இரண்டாவது பதில் முதல் பதிலின் நகலாக இருந்தது. தேதி மட்டும் மாறியிருந்தது. ஆகவே உங்களுக்குத் தனியாக எழுதுவதை நிறுத்திவிட்டு, எல்லாரும் படிக்கும்படியாக இதை எழுதுகிறேன்.

மின்தூக்கி வாசலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1987 முதல் 2016 வரை நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவன் நான்; ஒரே செய்தி இரண்டு மொழிகளில் எழுதியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் கடந்து போக முடிவதில்லை. ஆங்கிலத்தில் இருக்கைகள் அகற்றப்படும் என்றிருந்தது. தமிழில் 'இருக்கை வசதிகள் மேம்படுத்தப்படும்' என்றிருந்தது. எங்கள் ஒன்பதாம் மாடியில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மாள் ஒருவர் இருக்கிறார். முதுகு சாய்கிற மாதிரி நாற்காலி வரப்போகிறது என்று அவர் இரண்டு வாரமாகப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சாட்சிக் கூண்டில் நின்றவர் சொன்ன ஒரு வினைச்சொல்லை நான் இப்படி மாற்றியிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அந்த மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்பது உங்கள் கோப்பில் இருக்க வழியில்லை. அதனால் சொல்கிறேன்.

முதலாவது ஆள், தியோச்சியூ என்ற சீனக் கிளைமொழி பேசும், 84 வயதான ஒரு முதியவர். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர். 1977-இல் தொடங்கிய ஆற்றுத் துப்புரவுத் திட்டத்தின் பகுதியாக 1983-இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு மாற்றியபோது அவரும் போனார், ஓராண்டு பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தியோச்சியூ தெரியாது. பசார் மலாய் என்னும் சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வோம். நான் ஓய்வுபெற்ற வாரத்தில் ஒரு நாள், மழை விடட்டும் என்று அங்கே உட்கார்ந்தேன். 'தம்பி, ஆடத் தெரியுமா?' என்று கேட்டார். எனக்கு அப்போது 62 வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட இந்தத் தீவில் அதற்கு மேல் யாரும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். அவர் கொண்டு வந்திருந்தது சீனச் சதுரங்கம். மேசையில் இருந்ததோ எட்டுக்கு எட்டுக் கட்டம். அட்டையில் தாமே கோடு போட்டு அதன் மேல் விரித்து வைத்திருந்தார்.

இரண்டாவது, எல்லாரும் மக்சிக் (மலாயில் அத்தை, சித்தி மாதிரி ஓர் அழைப்பு) என்று அழைக்கும் மலாய்ப் பாட்டி. இரவு வேலை முடிந்து காலை ஏழரைக்கு வருவார். வீட்டுக்குள் போனால் பேரப்பிள்ளைகள் தூங்க விடமாட்டார்கள் என்பதால் கால் மணி நேரம் கீழேயே உட்கார்ந்து தே தாரிக் என்னும் இழுத்து ஆற்றிய பால் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் மேலே போவார். ஒரு நாள் படகுக்காரர் தம் பழங்கதையில் 'காப்பால்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது எங்கள் கப்பல் என்றேன். மக்சிக் ஒப்புக்கொள்ளவில்லை. 'கெடாய்' என்பதும் எங்கள் கடைதான் என்றேன். 'பிறகு எங்களுக்கு என்னதான் மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, 'கிராமத்தை நாங்கள் கம்போங் என்கிறோம், நீங்கள் கம்பம் என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது?' என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் தீவின் ஆற்றில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் என்பதையும், பிறகுதான் அத்தொழில் சீனர் கைக்குப் போனது என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டு வந்து படகுக்காரரிடம் சொன்னபோது, அவர் தம் படகின் முகப்பில் கண் வரைந்திருந்ததைச் சொன்னார்; கண் இல்லாவிட்டால் படகுக்கு வழி தெரியாதாம். 'உங்கள் ஆட்கள் படகுக்குக் கண் வைத்தார்களா?' என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது, உங்கள் குத்தகையாளரிடம் வேலை பார்க்கும் துப்புரவாளர். வங்காளதேசத்தின் டாங்காயில் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவர் முதல் முறை என்னிடம் பேசியபோது திடுக்கிட்டுப் போனேன். சுத்தமான புதுக்கோட்டைத் தமிழ். தங்கும் விடுதியில் ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவர்கள் அந்தப் பக்கத்து ஆட்களாம். ஆலங்குடி, அறந்தாங்கி என்று சொந்த ஊரைச் சொல்வது போலச் சொல்வார், பார்த்ததில்லை. காலை பத்து மணிக்கு அவருக்குக் கிடைக்கும் சின்ன இடைவேளையில் உட்காருவதற்கு அந்தக் கல் இருக்கையைத் தவிர இந்தப் புளோக்கில் வேறு இடம் கிடையாது. நான்காவது, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியைத் தள்ளிக்கொண்டு வரும் மியன்மார்ப் பணிப்பெண். இவர்கள் தவிர, பள்ளி வேன் வரும்வரை அங்கே வீட்டுப்பாடம் முடிக்கிற ஒரு பையனும் உண்டு. முடித்துவிட்டுப் போய்விடுவான், பேசமாட்டான்.

இவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாரும் கேட்டுக்கொண்டதில்லை. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பதிலாக, அருகில் முதியோருக்கென்று உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கோ சமூக மன்றத்துக்கோ செல்லலாம் என்று எனக்கு எழுதியிருந்தீர்கள். இரண்டுமே நல்ல இடங்கள், நான் போயிருக்கிறேன். ஆனால் அங்கே பெயரைப் பதிவுசெய்ய வேண்டும், வயது கேட்பார்கள், ஒரு நடவடிக்கையில் சேர வேண்டும். துப்புரவாளர் அங்கே போய் உட்கார முடியுமா? பணிப்பெண் போகலாம், பாட்டியோடு போனால். பாட்டியைப் பேச வைப்பார்கள், அவளை யாரும் பேச வைக்கமாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் தாமாகப் பேசத் தொடங்குவதற்கு நிகழ்ச்சி நிரல் உதவாது. உட்காருவதற்கு ஒரு காரணமும், எதிரே ஓர் ஆளும், எழுந்து போக முழுச் சுதந்திரமும் வேண்டும். அவ்வளவே.

ஓய்வுபெற்ற பிறகு இந்தத் தீவை நன்றாகச் சுற்றிப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எம்ஆர்டி ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் யாரும் பேசுவதில்லை. அடுத்த நிலையம் வந்துவிடும். சாங்கி முனைப் படகுத்துறையில் பேசுகிறார்கள், ஏனென்றால் புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகு 12 பேர் சேர்ந்தால்தான் புறப்படும். ஒரு நாள் ஒன்பது பேர் சேர்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த சீன அம்மாள் தம் பையைத் திறந்து காட்டினார். நகப்பூச்சு, வாசனைத் திரவியம். உபினில் ஒரு ஜெர்மன் பெண்ணைத் தெய்வமாக வைத்து வணங்கும் கோயிலில் படைக்கக் கொண்டு போகிறாராம். எங்கள் ஊர்ப் பக்கம் காவல் தெய்வத்துக்குச் சுருட்டு வைப்பார்கள் என்றேன். 'எந்த பிராண்டு?' என்று கேட்டார். இருபது நிமிடம் கழித்தும் மூன்று பேர் வரவில்லை. காலி இடங்களுக்கான காசை ஒன்பது பேரும் பங்கிட்டுக் கொடுத்துப் புறப்பட்டோம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காது; அதனால் தெரியாதவரின் மேசையில்தான் உட்கார வேண்டும். சிவகங்கைக்காரர் ஒருவர் அப்படி என்னிடம் வந்து 'இங்க ஆள் இருக்கா?' என்று கேட்டு உட்கார்ந்தார். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டிய குழுவில் இருந்தவர். எந்த இடத்தில் களிமண், எந்த இடத்தில் பாறை என்று அவர் சொல்லச் சொல்ல, நாற்பது ஆண்டுகளாக நான் மேலே நடந்த தெருக்களின் அடிப்பக்கத்தை அவர் எனக்குக் காட்டினார். ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்ளும் அந்த வழக்கம் சேர்ந்த உணவங்காடிக் கலாசாரத்துக்குத்தான் 2020-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். எங்கள் கீழ்த்தளத்தில் இருந்ததும் அதே வழக்கம்தான். சாப்பாடு மட்டும் இல்லை.

இனி புகாரைப் பற்றிப் பேசுவோம். சத்தம் இருந்தது உண்மை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. வெள்ளி, சனி இரவுகளில் நான்கைந்து இளைஞர்கள் வந்து உட்காருவார்கள். பதினொன்றரை, பன்னிரண்டு வரை சிரிப்பும் பாட்டுமாக இருக்கும். என் வீடு இரண்டாம் மாடி. எனக்கும் தூக்கம் கெட்டது. 2015 முதல் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துவது சட்டப்படி குற்றம். அதை அமல்படுத்தச் சொல்லி அழைக்கக் காவல்துறை இருக்கிறது. ஆனால் நான் காவல்துறையை அழைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே போனேன். அவர்களில் ஒருவன் எழுந்து எனக்கு இடம் விட்டான். உட்கார்ந்து, மேலே நேராகத் தெரிவது என் படுக்கையறைச் சன்னல் என்று கைகாட்டினேன். 'சாரி அங்கிள், மேலே கேட்கும் என்று தெரியாது' என்றான். அதன்பின் பதினொரு மணிக்குள் எழுந்து போனார்கள். எல்லா வாரமும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை மறந்தார்கள், இரண்டு முறை நான் மறுபடி இறங்கினேன்.

உங்களுக்கு எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. தூக்கம் கெட்டவர் எழுதத்தான் செய்வார். என் குறை உங்கள் மேல். அந்தக் கடிதம் வந்தபோது, எழுதியவரையும் எங்களையும் ஐந்து நிமிடம் ஒன்றாக உட்கார வைத்திருக்க உங்களால் முடியும். அதற்கான மேசையும் இருக்கைகளும் அங்கேயே இருந்தன. நீங்கள் அவற்றை எடுத்துவிட்டீர்கள். நான் நீதிமன்றத்தில் கழித்த 29 ஆண்டுகளில் அண்டை வீட்டார் தகராறுகள் எத்தனையோ என் வாய் வழியாகப் போயிருக்கின்றன. காலணி அடுக்கு, பூந்தொட்டி, ஈரத்துணி சொட்டுவது, இரவில் நாற்காலி இழுப்பது. அவற்றுக்கென்றே 2015-இல் சமூகத் தகராறு நடுவர் மன்றமும் அமைந்தது. வாதி ஒரு மொழி, பிரதிவாதி ஒரு மொழி, நடுவில் நான். பத்து ஆண்டுகள் எதிரெதிர் வீட்டில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் முழு வாக்கியத்தை நான் மொழிபெயர்த்த நாட்கள் உண்டு. அந்த வேலைக்கு அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது. கல் மேசைக்குச் சம்பளம் கிடையாது.

மேசை போன பிறகு நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இளைஞர்கள் இப்போது விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்திலுள்ள கூரையடியில் உட்காருகிறார்கள். சத்தம் எதிர் புளோக்குக்குப் போகிறது. அடுத்த புகார் அங்கிருந்து வரும். துப்புரவாளர் படிக்கட்டின் இரண்டாம் படியில் உட்காருகிறார். ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறார். மக்சிக் நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார்.

படகுக்காரரைப் பற்றி எழுதத் தயங்கினேன். ஆனால் உங்கள் முடிவின் எடையைச் சொல்ல வேறு சாட்சியம் என்னிடம் இல்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் அவர் ஒரு காலில் நீலச் செருப்பும் மறு காலில் பழுப்புச் செருப்பும் போட்டுக்கொண்டு வந்தார். நான் கவனிக்கவில்லை, மக்சிக் கவனித்தார். அதே வாரத்தில் ஆட்டத்தில் தேரையும் பீரங்கியையும் மாற்றி நகர்த்தினார். அறுபது ஆண்டுகளாக ஆடுகிறவர். மியன்மார்ப் பணிப்பெண்தான், தன் பாட்டிக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று சொல்லி, அவரோடு மேலே போய், ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் அவர் மகளைக் காத்திருந்து பார்த்துச் சொன்னாள். பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனார்கள். முதுமை மறதியின் தொடக்கம் என்றார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது என்று மருத்துவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்தது பெயர் தெரியாத நான்கு பேர்.

இப்போதும் காலையில் சதுரங்க அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வருகிறார். அந்தப் பெரிய வட்டத்துக்கு முன்னால் நிற்கிறார். மேசை எங்கே என்று என்னைக் கேட்கிறார். சொல்கிறேன். மறுநாள் புதிதாகக் கேட்கிறார்.

1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தபோது, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு வைத்து எல்லாரும் கலந்து வாழ அரசு வழி செய்தது. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம்: என் தங்கை தன் வீட்டை விற்க முற்பட்டபோது அந்தப் புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பியிருந்ததால், வந்த வாங்குநர்களில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஏழு மாதம் காத்திருந்து, விலையைக் குறைத்து விற்றாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கொள்கை சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு பாடுபட்டு ஒரே புளோக்கில் குடிவைத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மின்தூக்கியில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதற்காகவா அது? மக்கள்தொகையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழும் ஊரில், 2030-இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்று அரசாங்கமே சொல்லும் ஊரில், கீழ்த்தள இருக்கை என்பது தளவாடக் கணக்கில் வரும் பொருளன்று.

ஆகவே நான் கேட்பது இவை.

அகற்றிய இடத்திலேயே மேசையையும் இருக்கைகளையும் மூன்று மாதத்துக்குள் திரும்ப வைக்க வேண்டும். பழைய கல்லே வேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் தமிழ் அறிவிப்பு வாக்களித்தபடி முதுகு சாயவும் கைப்பிடித்து எழுந்திருக்கவும் வசதியுள்ள இருக்கைகளாக வையுங்கள், ஒன்பதாம் மாடி அம்மாள் சொன்னது பொய்யாகாமல் இருக்கும். ஒரு பக்கம் சக்கர நாற்காலிக்கு இடம் விடுங்கள். மேசையில் இரண்டு வகைச் சதுரங்கக் கட்டமும் இருந்தால் நல்லது.

வந்த புகார்களின் எண்ணிக்கையையும், எத்தனை வீடுகளிலிருந்து வந்தன, எந்த நாள், எந்த நேரம் என்பதையும் பெயரின்றி வெளியிட வேண்டும். ஒரே வீட்டிலிருந்து பத்து முறை வந்ததும் பத்து வீடுகளிலிருந்து ஒவ்வொரு முறை வந்ததும் ஒன்றல்ல. எதுவாக இருந்தாலும் அதை ஏற்றுக்கொண்டு பேச நாங்கள் தயார்.

இனி எந்தப் புளோக்கிலும் இருக்கைகளை அகற்றுவதற்கு முன், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக அறிவித்து, அந்தக் கீழ்த்தளத்திலேயே, மாலை ஏழு மணிக்கு மேல், ஒரு கூட்டம் நடத்த வேண்டும். இணையப் படிவம் அதற்கு ஈடாகாது. படகுக்காரரால் அதை நிரப்ப முடியாது. இரவுச் சத்தத்துக்கு இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்துங்கள். இளைஞர்களிடம் பேச ஆள் வேண்டுமானால் நாங்கள் இருவர் மூவர் முறைவைத்து இறங்கி வருகிறோம்.

துப்புரவாளர்கள் இடைவேளையில் கீழ்த்தள இருக்கைகளில் உட்காரலாம் என்று உங்கள் குத்தகையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உட்கார்ந்திருந்ததற்காக எங்கள் துப்புரவாளர் ஒரு முறை படம் பிடிக்கப்பட்டு மேலாளரிடம் பதில் சொல்ல வேண்டி வந்தது; அதை அவர் என்னிடம் புதுக்கோட்டைத் தமிழில் சொன்னார்.

இந்த மடலுக்கான பதிலை எனக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். மின்தூக்கி வாசலில், நான்கு மொழிகளிலும், ஒரே செய்தியாக ஒட்டுங்கள். தமிழைச் சரிபார்க்க ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள். இரண்டாம் மாடிதான், கட்டணம் வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு மாதந்தோறும் சேவை, பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்